அன்னாள் என்று பெயர் வாங்கிய அம்மா

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"கிறிஸ்தவத்துக்கு மாறிய நைஜீரியாவின் யொரூபா மக்கள் பழையதை விட்டுவிட்டு வந்தார்களா, கூடவே கொண்டுவந்தார்களா?" கொண்டுவந்தார்கள் என்பது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி, மதம் மாறிப் பாதிரியாரான யொரூபாக்காரர் சாமுவேல் க்ரௌதரை இழுத்து ஒரு போடு போட்டார். "பெத்தவ வச்ச பேரையே கழட்டிப் போட்டவன், வேற என்னத்தைக் கொண்டுவந்திருக்கப் போறான்?" கைதட்டல் அடங்க அரை நிமிஷம் ஆயிற்று. இதற்குப் பதில் சொல்லாமல் நான் நகரமாட்டேன்.

அவருடைய பழைய பெயர் அஜாயி. சகோதரி, அது பெற்றவள் வைத்த பெயரே இல்லை! யொரூபாவில் குழந்தை முகம் குப்புற விழுந்து பிறந்தால் அது அஜாயி. கால் முதலில் வந்தால் இகே. இரட்டையில் முதலில் வந்தது தாய்வோ, பின்னால் வந்தது கெஹிந்தே. அடுத்த பிரசவத்தில் வருவது இதோவு. இவற்றுக்கு 'அமுதோருன்வா' என்று பேர், வானத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்தது என்று அர்த்தம். யாரும் வைக்காத பெயரை யார் கழற்ற முடியும்? தேவாலயப் பதிவேட்டில் இன்றைக்கும் தாய்வோவும் கெஹிந்தேவும் இருக்கிறார்கள். ஓயோ நகரத்தில் ஒரு பல்கலைக்கழகமே அஜாயி க்ரௌதர் பெயரில் நடக்கிறது.

பெற்றவர்கள் வைக்கும் பெயருக்கும் வருகிறேன். 'ஃபாபியி' என்றால் குறி சொல்லும் தெய்வம் ஈஃபா ஈன்ற பிள்ளை. 'ஓகுன்பியி' என்றால் இரும்புத் தெய்வம் ஓகுன் ஈன்ற பிள்ளை. மதம் மாறிய குடும்பங்கள் என்ன செய்தன? 'ஒலுபியி' என்றார்கள், கர்த்தர் ஈன்றார். 'ஜேசுபியி' என்றார்கள், இயேசு ஈன்றார். எழுவாய் மாறிவிட்டது, பயனிலை மாறவில்லை. பிள்ளையைத் தெய்வம்தான் பெற்றுத் தருகிறது என்ற நம்பிக்கை அந்தப் 'பியி'யில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பெயர் வைப்பது இன்றும் எட்டாம் நாள்தான். போதகர் ஜெபிக்கிறார், பக்கத்தில் தேனும் உப்பும் தண்ணீரும் இருக்கின்றன.

குறி கேட்பதை விட்டார்களே என்றார் இன்னொரு நண்பர். ஈஃபா குறியைக் கிட்டே போய்ப் பாருங்கள். பாபலாவோ என்ற குறிக்காரர் 16 எண்ணெய்ப்பனைக் கொட்டைகளை இடக்கையில் வைத்து, வலக்கையால் ஒரே பிடியாக அள்ளுவார். இரண்டு மிஞ்சினால் தட்டிலிருக்கும் பொடியில் ஒரு கோடு. ஒன்று மிஞ்சினால் இரண்டு கோடு. ஒன்றுமே மிஞ்சாவிட்டாலும், மூன்று நான்கு மிஞ்சினாலும் அந்தப் பிடி செல்லாது, திரும்ப அள்ள வேண்டும். இப்படி எட்டுக் குறி விழுந்தால் 256 அமைப்புகளில் ஒன்று கிடைக்கும். அதற்குரிய பாடல்களைச் சொல்லச் சொல்ல, வந்தவர் தன் கஷ்டத்துக்குப் பொருந்துவதைப் பிடித்துக்கொள்வார். கடைசியில் என்ன படைக்க வேண்டும் என்ற பரிகாரம்.

ஆக, ஒரு மனிதன் இரண்டு கேள்வியோடு வருகிறான்: எனக்கு ஏன் இப்படி? நான் என்ன செய்ய? மிஷன் சபைகளில் இதற்கு நேரடிப் பதில் கிடைக்கவில்லை. 1918-இல் விஷக் காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போனபோது இஜேபு-ஓடே என்ற யொரூபா ஊரில் ஜனங்கள் தாங்களே ஜெபக் குழு கூட்டினார்கள். 1925-இல் லாகோஸில் கேருபீன் சேராபீன் சபை. இந்த மாதிரிச் சபைகளுக்கு 'அலாதுரா' என்று பெயர், ஜெபக்காரர்கள். அங்கே தீர்க்கதரிசி தரிசனம் பார்த்துச் சொல்கிறார்: இத்தனை நாள் உபவாசம் இரு, இந்தச் சங்கீதத்தை வாசி, ஜெபித்த இந்தத் தண்ணீரைக் குடி. கொட்டை போயிற்று, கேள்வி போகவில்லை!

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், மனசு வலிக்கத்தான் ஒப்புக்கொள்கிறேன். படையலைத் தெய்வங்களிடம் கொண்டுசேர்க்கும் ஏஷு, நாற்சந்தியின் காவல்காரர், யொரூபா பைபிளில் பிசாசாகிவிட்டார். அது அநியாயம்.

இனி அந்த அம்மாவிடம் வருகிறேன். மகனுக்குப் பேர் போச்சு என்றீர்களே, அம்மாவுக்கு வந்த பெயரைச் சொன்னீர்களா?

1821. ஓசோகுன் என்ற ஊரை அடிமை பிடிக்கிறவர்கள் வளைத்தார்கள். அஜாயிக்குப் பதின்மூன்று வயதிருக்கும். கை மாறிக் கை மாறி விற்கப்பட்டு போர்த்துகீசியக் கப்பலில் ஏற்றப்பட்டான். 1822 ஏப்ரலில் பிரிட்டிஷ் கடற்படை அந்தக் கப்பலை மறித்தது. பையன் சியரா லியோனில் இறங்கினான். 1825-இல் ஞானஸ்நானம், சாமுவேல் ஆனான். அம்மா அஃபாலா உயிரோடு இருக்கிறாளா, தெரியாது. 1843-இல் குருப்பட்டம். 1846 ஆகஸ்டில் அபெயோகுட்டா என்ற யொரூபா நகரத்துக்கு ஊழியம் செய்ய வருகிறார். அம்மாவைப் பார்த்தார். 1848-இல் அந்த அம்மாவும் ஞானஸ்நானம் பெற்றாள். இவ்வளவுதான் கதை.

இவ்வளவுதானா? திரும்பச் சொல்கிறேன், இந்த முறை மெதுவாக.

ஆகஸ்ட் 21. இன்னொரு மகனைக் கூட்டிக்கொண்டு அவள்தான் தேடி வருகிறாள். இருபத்தைந்து வருஷம்! பிரியும்போது பையன், எதிரே நிற்பது நாற்பதை நெருங்கும் பாதிரியார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பேச்சு வரவில்லை. ஒட்டிப்போன கன்னத்தில் கண்ணீர் வழிகிறது, பிடித்த கை நடுங்குகிறது.

அந்தத் தாய்க்கு ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயர் அன்னாள். தாய்மார்களே, வேதத்தில் அன்னாள் யார்? சாமுவேலைப் பெற்றவள். பால் மறந்த பிள்ளையைக் கோயிலில் விட்டுவிட்டு, வருஷா வருஷம் ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போனவள். அஃபாலாவுக்கு அந்தச் சட்டை தைக்கவும் கொடுத்துவைக்கவில்லையே! எந்த அளவுக்குத் தைப்பாள்? எங்கே கொண்டுபோய்க் கொடுப்பாள்? இருபத்தைந்து சட்டைக்கும் சேர்த்து அவளுக்கு ஒரு பெயர் கிடைத்தது. அதற்கு 'சாமுவேலின் அம்மா' என்பதைத் தவிர வேறு என்ன அர்த்தம்?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, இதோ முடித்துவிடுகிறேன். கை நடுங்க நின்றாளே, அப்போது அவள் வாயில் முதலில் வந்தது என்ன? அடிமைத்தனத்திலேயே செத்துப்போன அவன் பாட்டி, சின்ன வயசில் அவனைக் கூப்பிட்ட செல்லப் பெயர்கள். ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பாதிரியாருக்கு ஒவ்வொன்றும் நன்றாக ஞாபகம் இருந்தது.

நன்றி, வணக்கம்.