வண்டி ஓட்டியவன் சொன்ன பதில்

வேலூரில் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: "குற்றக் கும்பலை விட்டு வந்து அரசுத் தரப்பில் சாட்சி சொல்பவன் துரோகியா, துணிந்தவனா?" 'துணிந்தவனே' என்ற அணியில் நான் பேசியது இது.

நடுவர் அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்திருக்கும் எதிரணித் தலைவர் ஐயா அவர்களே, இந்தப் பனியிலும் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு எழுந்து போகாமல் இருக்கும் வேலூர்ப் பெருமக்களே, வணக்கம்.

ஐயா தன் வாதத்துக்கு மூன்று பேரை மேடைக்கு அழைத்து வந்தார். கும்பகர்ணன், வீடணன், மூன்றாவதாக இதோ இந்தக் கோட்டைக்குள்ளிருந்து முஸ்தபா பேக். அண்ணன் செய்தது தப்பு என்று தெரிந்தும் செஞ்சோற்றுக் கடனுக்காகக் களத்தில் விழுந்த கும்பகர்ணனுக்கு உங்களிடம் கைதட்டல் வாங்கிக் கொடுத்தார். மற்ற இருவரையும் நிற்க வைத்து, "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணினவன் எந்தக் காலத்திலும் துரோகிதான்" என்று முடித்தார். அதற்கும் தட்டினீர்கள். எட்டப்பன் என்ற பேரைக் கேட்டாலே முகம் சுளிக்கிற ஊர் நம்முடையது. அந்தச் சொல்லின் பாரம் எனக்கும் தெரியும். தெரிந்துதான் பேச வந்திருக்கிறேன்.

முஸ்தபா பேக்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது நம் வீட்டுக் கதை. 1806 ஜூலை 10 விடியும் முன் இந்தக் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பே, அந்தச் சிப்பாய்களில் ஒருவனான முஸ்தபா பேக் வெள்ளைக்கார அதிகாரியிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டான். அவர்கள் நம்பவில்லை, அவனையே பிடித்து அடைத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு கூப்பிட்டு வெகுமதி கொடுத்தார்கள். ஐயா சொன்னதில் பிழையில்லை. ஆனால் அந்தச் சிப்பாய்கள் எதற்காகக் கூடினார்கள்? நெற்றியில் குறி இடாதே, கடுக்கன் போடாதே, தாடியை எடு, இந்தப் புதுத் தலைப்பாகையை வை என்று உத்தரவு போட்டதற்காகக் கூடினார்கள். மானத்துக்காகக் கூடியவர்களைக் காட்டிக் கொடுத்தால் அது துரோகம், ஒப்புக்கொள்கிறேன். கூலிக்குக் கொலை செய்யவும், நிலத்தை மிரட்டி எழுதி வாங்கவும், கடைக்குக் கடை மாமூல் வசூலிக்கவும் கூடியவர்களுக்கு அந்தச் சிப்பாயின் மரியாதையை எப்படி ஐயா தூக்கிக் கொடுப்பீர்கள்? கோட்டைக்குள் செத்தவர்களை நினைத்தால் எனக்கு இதைக் கேட்கவே பொறுக்கவில்லை.

சரி, செஞ்சோறு. கும்பல் போடுகிற சோறு எப்படிப்பட்ட சோறு? இருபது வருடமாக வழக்குக் கட்டு தூக்குகிற வக்கீல்கள் நாங்கள், அந்தச் சோற்றின் ருசியைக் கட்சிக்காரர்கள் வாயால் கேட்டிருக்கிறோம். முதலில் ஒரு சின்ன அடிதடி கேஸ். ஜாமீனுக்கு ஆள் இல்லாமல் பையன் உள்ளே கிடப்பான். ஒரு அண்ணன் வந்து ஜாமீன்தாரரைப் பிடித்துக் கொடுப்பார். அடுத்து அக்கா கல்யாணத்துக்கு இருபதாயிரம். "இன்னாத்துக்குடா திருப்பித் தர, நீ நம்ம பையன்" என்பார். ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் வரும்: "வண்டியை எடுத்துகினு வா." எங்கே என்று கேட்க முடியாது. அதைக் கேட்கிற நாக்கை அந்த இருபதாயிரத்தில் ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். இந்தக் கடனைத்தான் உயிரைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்கிறார் ஐயா. யார் உயிரைக் கொடுத்து?

இன்னும் பக்கத்தில் வருகிறேன். ஜவ்வாது மலை. 1989 வரை திருவண்ணாமலையும் நாமும் ஒரே வட ஆர்க்காடு, அந்த மலைக்காரர்கள் நம் சனம். "கட்டட வேலைக்குப் போறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பையோடு பஸ் ஏறிப் போனவர்கள் எங்கே போனார்கள் என்று 2015 ஏப்ரல் 7 அன்று நாட்டுக்கே தெரிந்தது. திருப்பதி பக்கம் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் 20 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக் கூலிக்காரர்கள். செம்மரம் வெட்டப் போனவர்கள் என்றார்கள். நான் கேட்கிறேன், அந்த இருபது பேரில் ஒருவராவது செம்மரத்தை விற்றுப் பங்களா கட்டியவரா?

செம்மரம் இயற்கையாக வளர்வது அந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பக்கத்தில்தான். அதை வாங்குகிறவர்கள் சீனாவிலும் ஜப்பானிலும் இருக்கிறார்கள், சாமான் செய்யவும் இசைக்கருவி செய்யவும். காட்டில் விழுகிற கோடரிக்கும் கடல் தாண்டிய கடைக்கும் நடுவில் எத்தனை கை! கூலிக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி, அவனுக்கு அட்வான்ஸ் கொடுக்கிற ஏஜென்ட், போலீஸ் நிற்கிறதா என்று முன்னால் பார்த்துக்கொண்டு போகிற பைலட் வண்டி, கட்டையை அடுக்கி வைக்கிற குடோன், கப்பலுக்குப் போகிற கன்டெய்னர். வெட்டுகிறவனுக்கு மேஸ்திரியைத் தெரியும், அவ்வளவுதான். மேஸ்திரிக்கு ஏஜென்ட்டைத் தெரியும். ஒவ்வொருத்தனுக்கும் தனக்கு மேலே ஒரே ஒரு முகம். மேலே உட்கார்ந்திருக்கிறவன் கையில் மரத்தூள்கூடப் படுவதில்லை. கைரேகை இல்லை, கையெழுத்து இல்லை, எந்தக் கேமராவிலும் அவன் இல்லை. அவன் பேரை யார் சொல்வது? நானா, நீங்களா? உள்ளே இருந்தவன் ஒருவன் வாய் திறந்தால்தான் உண்டு. அவன் திறக்காவிட்டால் கீழே இருக்கிறவன் சாவான், அடுத்த வாரம் இன்னொரு பஸ்ஸில் இன்னும் இருபது பேர் ஏறுவார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் தாண்ட மாட்டேன். உண்மையைச் சொல்ல வருகிறவனுக்கு அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை இருக்க வேண்டும். காட்டில் சுட்டுத் தள்ளுகிற அரசாங்கத்தை நம்பி எவன் வருவான்? அன்று தப்பிய சிலர் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன்னால் போய் நடந்ததைச் சொன்னார்களே, அவர்களுக்கு எவ்வளவு நெஞ்சுரம் இருந்திருக்க வேண்டும்!

ஐயா இன்னொன்று சொன்னார், "அப்ரூவர் ஆகிறவன் தண்டனைக்குப் பயந்து ஓடுகிறவன்" என்று. இது ஊரெல்லாம் நம்புகிற விஷயம், அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 306ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 343. உடந்தையாக இருந்தவன் தனக்குத் தெரிந்த முழு உண்மையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு கோர்ட் மன்னிப்பு வழங்கலாம். அப்படி மன்னிப்புப் பெற்றுச் சாட்சி சொல்ல வருகிறவன்தான் அப்ரூவர். முழு உண்மை என்றால் தன் பங்கையும் சேர்த்துத்தான். எதையாவது மறைத்தால், பொய் சொன்னால், மன்னிப்பு போய்விடும், பழைய குற்றத்துக்கே அவன் கூண்டேற வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்று அதே பிரிவில் இருக்கிறது, வெளியே யாருக்கும் தெரியாது. அப்ரூவர் ஏற்கெனவே ஜாமீனில் இல்லையென்றால், விசாரணை முடிகிற வரைக்கும் காவலிலேயே இருக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், ஜாமீன் வாங்கிக்கொண்டு வாய்தாவுக்கு வாய்தா வெள்ளைச் சட்டை போட்டு வந்து போவார்கள். உண்மையைச் சொன்னவன் தொரப்பாடி ஜெயில் மதில் சுவருக்குள் இருப்பான். அவன் பெண்டாட்டி மனு போட்டுவிட்டு வெயிலில் நிற்பாள். ஓடுகிறவன் எவனாவது ஜெயிலுக்குள் ஓடுவானா ஐயா?

பொய் சொல்லி நிரபராதியை மாட்டிவிட மாட்டானா என்றும் கேட்டார். மாட்டிவிடுவான். போலீஸ் சொல்லிக் கொடுத்ததைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்த அப்ரூவரை நானே பார்த்திருக்கிறேன். இந்த ஒரு கேள்வியில் ஐயாவோடு எனக்குச் சண்டையே இல்லை. அதனால்தான் 1957லேயே சர்வன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு சல்லடை வைத்தது. அப்ரூவர் நம்பத்தக்கவனா என்று முதலில் பார். அப்புறம் அவன் சொன்னதற்கு வெளியிலிருந்து போதுமான ஆதாரம் துணை நிற்கிறதா பார். இரண்டிலும் தேறினால்தான் அவன் பேச்சு ஏறும். முஸ்தபா பேக் ரகசியமாகப் போய் ஒருவர் காதில் சொன்னான். அப்ரூவர் பட்டப்பகலில், தான் யாரைப் பற்றிச் சொல்கிறானோ அவர்கள் கண்ணெதிரில், குறுக்கு விசாரணைக்குத் தலையைக் கொடுத்துச் சொல்கிறான்.

கடல் தாண்டி ஒரே ஒரு உதாரணம். இத்தாலியில் சிசிலித் தீவின் மாஃபியாவில் வாய் திறக்காமல் இருப்பதற்கு ஒமெர்த்தா என்று பேர், ஐயா சொல்கிற அதே செஞ்சோற்றுக் கடன்தான். 1984ல் தொமாசோ புஷெட்டா என்பவர், அதற்குள் தன் பிள்ளைகள் இரண்டு பேரைப் பறிகொடுத்துவிட்டவர், ஜொவான்னி ஃபால்கோனே என்ற நீதிபதியிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பலெர்மோவில் சிறைச்சாலையை ஒட்டி அந்த வழக்குக்காகவே ஒரு கான்கிரீட் கோர்ட் கட்டினார்கள். 1986ல் விசாரணை தொடங்கியபோது 450 பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர்கள். 1987 டிசம்பரில் 300 பேருக்கு மேல் தண்டனை. அதற்கு விலை இல்லாமல் போகவில்லை. 1992ல் ஃபால்கோனேயையும் அவர் மனைவியையும் பாதுகாவலர் மூன்று பேரையும் சாலையில் வெடி வைத்துக் கொன்றார்கள். கேட்ட நீதிபதிக்கே இந்த கதி என்றால், சொன்னவர் எதைத் தாண்டி வந்து சொல்லியிருப்பார்!

நம் நாட்டில் 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, இதுதான் சட்டம் என்றது. மாவட்ட நீதிபதி தலைமையில் குழு, ஆபத்தை மூன்று தரமாகப் பிரிப்பது, தேவைப்பட்டால் வீடு மாற்றுவது, அடையாளத்தையே மாற்றுவது என்று எல்லாம் அதில் இருக்கிறது. காகிதத்தில் நன்றாக இருக்கிறது. அந்தக் காகிதம் பாலாற்றங்கரையில் இருக்கிற ஒரு ஓட்டு வீட்டு வாசல் வரைக்கும் வர வேண்டும்.

"விலகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு விலகலாமே" என்றார் ஐயா கடைசியாக. இதற்கு என் பதில் ஒரு வழக்கு.

நான் ஜூனியராக இருந்த காலம். கொலை வழக்கு. என் சீனியர் எதிரிகள் தரப்பு, அவர் பக்கத்தில் கட்டைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டு நான். சத்துவாச்சாரி கோர்ட். அப்ரூவர் அன்றைக்கு வண்டி ஓட்டிய டிரைவர். முப்பது வயசு இருக்கும். கூண்டின் கட்டையைப் பிடித்தபடி நின்றார், பலர் கை பட்டு அந்த இடத்தில் மட்டும் பாலிஷ் போயிருந்தது. தண்ணீர் கேட்டார். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில். பின்னால் பெஞ்சிலிருந்து ஒருவர் செருமினார், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி செருமினார். அந்தச் செருமல் யாருக்கு என்று கோர்ட்டில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை அவர்.

என் சீனியர் இரண்டு நாள் கிழித்தார். கெட்டிக்காரர். ஐயா இன்று கேட்ட கேள்வியைத்தான் அவரும் கேட்டார்: "உனக்குச் சோறு போட்டவர்களையே காட்டிக் கொடுக்கிறாய். நீ துரோகிதானே?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பையன் என் வண்டில எத்தினியோ வாட்டி வந்துகிறானுங்க. அண்ணா, அண்ணாம்பான். அன்னிக்கும் நான் கூப்டதாலதான் நம்பி ஏறினான். அவனுக்கு நான் பண்ணது இன்னாதுங்க?"

என் சீனியர் அடுத்த கேள்வியைக் கேட்கக் கட்டைப் புரட்டினார். நான் எடுத்துக் கொடுக்க வேண்டிய பக்கம் என் கைக்கு வரவில்லை. செத்த பையனுடைய அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கடைசியாகப் பிள்ளை யாரோடு போனான், எந்த ரோட்டில் போனான், எத்தனை மணிக்கு என்பதை ஒன்றரை வருஷம் கழித்து அன்றுதான் அவள் கேட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டு விலகியிருந்தால், அவளுக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள் ஐயா?

வழக்கு முடிந்த பிறகு ஒருநாள் அவர் ஊர்ப் பக்கம் போக வேண்டியிருந்தது. பாலாற்றை ஒட்டிய தெரு, ஓட்டு வீடு. பூட்டியிருந்தது, குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார்கள். தெருச் சுவரில் கரியால் பெரிதாக எழுதி, அதன் மேல் யாரோ சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அவர் பெண்டாட்டிதான் அடித்தாளாம், இரண்டு தடவை. அப்படியும் எழுத்து தெரிந்தது. 'துரோகி' என்று இருந்தது. கும்பல்காரன் எழுதினானா என்று எதிர்த் திண்ணையில் இருந்த பாட்டியைக் கேட்டேன். "இல்லமா, நம்ம தெருப் பசங்கதான்" என்றாள்.

நடுவர் அவர்களே, அந்தச் சுவர் இன்னும் அங்கேதான் நிற்கிறது. அதில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.