டார்செஸ்டர் போய் போட்டோ மட்டும் எடுத்துட்டு வராதீங்க

தலைவர் ஐயா அவர்களே, செயலாளர் அவர்களே, இந்த ஹாலை இலவசமா குடுத்த கவுன்சிலர் அம்மா அவர்களே, காலையில இருந்து கிச்சன்ல நின்னு நம்ம எல்லாருக்கும் பொங்கல் வடை போட்ட அக்காமாரே, எல்லாருக்கும் வணக்கம். கவுன்சிலர் அம்மாவுக்கு தமிழ் தெரியாது, ஆனாலும் முன் வரிசையில உக்காந்து கேக்குறாங்க, அவங்களுக்கு ஒரு பெரிய கைதட்டல் குடுங்க.

ஆக்ஸ்போர்டுக்கு தெக்கே, தேம்ஸ் ஆத்தோட தேம்னு ஒரு சின்ன ஆறு வந்து கலக்குற இடத்துல இருக்கு டார்செஸ்டர் கிராமம். அங்க பாக்க வேண்டியது மூணு: அபே சர்ச், அதாவது பழைய மடத்தோட சர்ச், டைக் ஹில்ஸ், பழைய ஜார்ஜ் சத்திரம். ஒவ்வொண்ணா சொல்றேன்.

635ல வெசெக்ஸ் ராஜா சினகில்ஸ் ஞானஸ்நானம் வாங்குன ஊர் இது, குடுத்தவர் பிரினஸ் பிஷப். பின்னாடி 1140ல மடம் வந்துச்சு. 1536ல எட்டாம் ஹென்றி ராஜா மடங்களை எல்லாம் மூடுறாரு பாருங்க, அப்ப கூரையில இருக்குற ஈயத்தைக்கூட விடல, உரிச்சு உருக்கி காசாக்குனாங்க, எத்தனையோ மடம் மொட்டைச் சுவரா நின்னுச்சு. அந்த நேரத்துல இந்த ஊர்ல ரிச்சர்ட் போஃபாரஸ்ட்னு ஒரு பணக்காரர். அவர் 140 பவுண்டு எடுத்து வச்சு அந்த அபே சர்ச்சையே வாங்கிட்டார்! அன்னைக்கு அது எவ்வளவு பெரிய தொகை, யோசிச்சுப் பாருங்க. வாங்குனவர் கல்லைப் பேத்து வித்தாரா? தனக்கு பங்களா கட்டுனாரா? இல்லைங்க, 1554ல உயில் எழுதி ஊர் ஜனத்துக்கே குடுத்துட்டார். அதனாலதான் 12ஆம் நூற்றாண்டு ஈய ஞானஸ்நானத் தொட்டி, சுத்தி அப்போஸ்தலர் உருவங்களோட, இன்னைக்கும் அங்கேயே இருக்கு, தாவீது ராஜாவோட அப்பா ஜெஸ்ஸி படுத்துருக்க அவர்கிட்ட இருந்து வம்சமே கல்லு மரமா கிளை விடுற ஜன்னலும் இருக்கு. ஒரு ஆள் காசு போட்டார் சரி, அதுக்கப்புறம் இத்தனை நூறு வருஷம் காப்பாத்துனது யாரு? நான் எப்பவும் சொல்றதுதான், ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும்.

டைக் ஹில்ஸ் இரும்புக் காலத்து மண் கரை, ரோமானியருக்கும் முந்தினது. 1870 வாக்குல நிலத்துக்காரர் அதை உழுது மட்டமாக்க ஆரம்பிச்சார். லேன் ஃபாக்ஸ்னு ஒரு ராணுவ அதிகாரி பகிரங்கமா எதிர்த்தார், இந்த மாதிரி அழிவை எல்லாம் பாத்துத்தான் ஜான் லப்பக்னு ஒரு எம்.பி. பழைய சின்னங்களைக் காப்பாத்த பார்லிமென்ட்ல மசோதா கொண்டு வந்தார். தட்டித் தட்டிக் கழிச்சு 1882லதான் சட்டம் ஆச்சு. நமக்கு பேங்க் ஹாலிடே வாங்கிக் குடுத்தவரும் அதே லப்பக்தான்!

அந்த லீவுலதான் நாம கூட்டமா கிளம்பிப் போறோம், போட்டோ எடுக்குறோம், வந்துடுறோம். இந்த நாட்டுல வரி கட்டுறோம், பிள்ளைங்க இங்கதான் பொறந்துச்சு, அப்ப இந்தக் கல்லும் கரையும் நம்மளுதும்தானே? அபே டீ ரூம்ல, மியூசியத்துல நிக்கிறது எல்லாம் வயசான வாலன்டியர்ஸ், பாத்தா மனசு கேக்கல. மாசம் ஒரு சனிக்கிழமை, அரை நாள் போதும். ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும், இந்த ஊர்ல நாமளும்தான் இருக்கோம்.

செயலாளர் மணி காட்டுறார், ஜார்ஜ் சத்திரத்தை இன்னொரு நாள் பேசுவோம். வாசல்ல நோட்டு வச்சிருக்கேன், பேரும் எந்த சனிக்கிழமை வருவீங்கன்னும் எழுதிட்டு அப்புறமா சாப்பிடப் போங்க.