மஞ்சளான பூனைக்குப் பத்தியம் கிடையாது

நேயர்களுக்கு வணக்கம். நான் பாம்பனில் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைக்கிறவள். நிலையத்திலிருந்து போன் பண்ணி, உங்கள் பூனை கதையை வந்து சொல்லுங்கள் என்றதும், டாக்டரைக் கூப்பிடாமல் என்னை எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டேன். டாக்டர் சொன்னால் பாதிப் பேர் ரேடியோவை அணைத்துவிடுவார்கள், பக்கத்து வீட்டு ஆள் மாதிரி நீங்கள் பேசுங்கள் என்றார்கள். சரி, பேசிவிடுகிறேன்.

என் பூனைக்குப் பெயர் சூடை. ஏலக்கூடத்துக்குப் பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் கிடைத்தபோது சூடை மீன் அளவுதான் இருந்தாள், அதனால் அந்தப் பெயர். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர், மீனுக்குக் குறைவில்லை, நாலே வருஷத்தில் ஐந்தரைக் கிலோ. குண்டுப் பூனை என்று எல்லோரும் தூக்கிக் கொஞ்சுவார்கள், எனக்கும் பெருமைதான். அந்தக் கொழுப்புதான் பின்னால் அவளைப் படுக்கவைக்கப் போகிறது என்று யாருக்குத் தெரியும்.

போன வருஷம் தடைக்காலம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை படகெல்லாம் கரையில் நிற்கும் இல்லையா, ஆண்கள் வீட்டில் இருக்கிற நேரம் என்று மே மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பெயின்ட் வாடையில் பூனை வேண்டாம் என்று தங்கச்சிமடத்தில் நாத்தனார் வீட்டில் ஐந்து நாள் விட்டுவைத்தேன். நாத்தனார் ஒரு குறையும் வைக்கவில்லை, பால் வைத்தார், மீன் வைத்தார். சூடை கட்டிலுக்கு அடியில் போனவள் வெளியே வரவே இல்லை. போனில், "உன் பூனை கோவிச்சுக்கிட்டுப் பட்டினி கிடக்குது, பசிச்சா தானா வரும்" என்றார். நானும் சிரித்துவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன்.

பசித்தால் வரும் என்பது நாய்க்குச் சரியாக இருக்கலாம். பூனைக்குச் சரியில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வீட்டுக்குத் தூக்கிவந்த பிறகும் சாப்பிடவில்லை. வாயோரம் எச்சில் வடிந்தது. இரண்டு நாள் கழித்து வெயிலில் படுத்திருந்தவளின் காதைப் பார்த்தேன், உள்பக்கம் மஞ்சள். எனக்கு நிறத்தில் சந்தேகம் வந்தால் நூலை வைத்துப் பார்க்கிற பழக்கம், எலுமிச்சை மஞ்சள் நூல்கண்டை எடுத்துக் காதோரம் பிடித்தேன், அதே நிறம். உதட்டைத் தூக்கினால் ஈறும் மஞ்சள்.

வீட்டில் மஞ்சக்காமாலை என்ற வார்த்தை வந்துவிட்டால் அப்புறம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். என் மாமியார் கொல்லையில் கீழாநெல்லி பறித்து அரைத்தார். எண்ணெய் கூடாது, மீன் கூடாது, கறி கூடாது, நீர்த்த கஞ்சிதான். மனுஷனுக்கு வைக்கிற பத்தியம் அத்தனையையும் பூனைக்கு வைத்தோம். நான் அதைவிட ஒரு படி மேலே போய், சிரிஞ்சில் கஞ்சியை இழுத்து வாயைப் பிளந்து ஊற்றினேன். நுரை நுரையாகத் துப்பினாள், புரையேறி இருமினாள். மறுநாள் கிண்ணத்தைப் பார்த்தாலே பின்வாங்கினாள். இதில் இரண்டு நாள் வீணாய்ப் போனது. இருமும்போது கஞ்சி நுரையீரலுக்குள் போயிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இங்கே பார்த்த கால்நடை டாக்டர் ஈறைப் பார்த்ததும், ஸ்கேன் எடுக்க வேண்டும், மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார். பாலம் தாண்டி பஸ்ஸில் போனோம், பிளாஸ்டிக் கூடையில் பழைய நைட்டியை விரித்து அவளைப் படுக்கவைத்து. அங்கே ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். கல்லீரல் முழுக்கக் கொழுப்பு அடைத்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. எப்பம்மா கடைசியா சாப்பிட்டுச்சு என்று கேட்டார். ஒன்பது நாள் ஆச்சு என்று சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். பூனை சாப்பாட்டை நிறுத்தினால் உடம்பு தன் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்பும். பூனையின் கல்லீரலால் அவ்வளவு கொழுப்பை எரிக்கவும் முடியாது, வெளியே அனுப்பவும் முடியாது, அதுவும் புரதம் வராமல் போனால் சுத்தமாக முடியாது. ஒரே நாளில் எல்லாப் படகும் கரைக்கு வந்து, லாரி ஒன்றுகூட வராவிட்டால் ஏலக்கூடம் எப்படி இருக்கும்? பெட்டி மேல் பெட்டி, நடக்க வழி இருக்காது. அப்படித்தான் உள்ளே. செல்லெல்லாம் கொழுப்பால் வீங்கி, பித்தம் வடிய வழி இல்லாமல் ரத்தத்தில் ஏறுகிறது, அதுதான் அந்த மஞ்சள். குண்டுப் பூனைக்கு இந்த ஆபத்து அதிகம், இரண்டு மூன்று நாள் பட்டினியிலேயே தொடங்கிவிடலாம். பல பூனைகளுக்குக் கணையமோ குடலோ கெட்டு, அதனால் சாப்பாடு நின்று, அதற்குப் பின்னால் இது வரும். சூடைக்கு வேறு ஒன்றும் இல்லை, இடம் மாறிய பயம் மட்டும்தான்.

மருந்து என்ன என்று கேட்டேன். "சாப்பாடுதான்மா மருந்து" என்றார். புரதம் நிறைந்த, கொழுப்பும் சேர்ந்த, முழுச் சாப்பாடு. அதாவது என் மாமியார் எதையெல்லாம் கூடாது என்றாரோ அதையெல்லாம். கல்லீரல் கெட்டு விஷம் மூளைக்கு ஏறிய பூனைக்கு மட்டும்தான் புரதத்தைக் குறைப்பார்களாம், மற்ற பூனைக்குப் பத்தியம் வைத்தால் அந்தப் பத்தியமே நோயை வளர்க்குமாம்.

ஆனால் அவள்தான் வாயைத் திறக்க மாட்டாளே. முதல் இரண்டு நாள் டிரிப்ஸில் பொட்டாசியம் ஏற்றி, மூக்கு வழியாக மெல்லிய டியூப் விட்டுப் பால் மாதிரி நீர்ச் சாப்பாடு கொடுத்தார்கள். கல்லீரல் கெட்டால் ரத்தம் உறையாது என்று வைட்டமின் கே ஊசியும் போட்டார்கள். மூன்றாம் நாள் மயக்கம் கொடுத்து, கழுத்தின் இடது பக்கத்தில் ஓட்டை போட்டு, உணவுக்குழாய்க்குள் டியூப் வைத்தார்கள். எக்ஸ்ரேயில் அது சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் என் கையில் கொடுத்தார்கள்.

கழுத்தில் குழாய் தொங்க அவளைப் பார்த்ததும் வீட்டுக்காரர் வெளியே போய் நின்றுகொண்டார். நான் தையல்காரி, என் கண் முதலில் நூலில்தான் போனது. டியூப்பைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக நூலைப் பின்னி முடிச்சுப் போட்டிருந்தார்கள், இழுத்தால் இன்னும் இறுகுகிற மாதிரி. நல்ல வேலைப்பாடு. என்னால் அப்படிப் போட முடியுமா என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

அதற்கப்புறம் ஆறு வாரம். கணக்கு இப்படி. அவள் எடை 4.2 கிலோவுக்கு இறங்கியிருந்தது, அந்த எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கிலோ கலோரி வேண்டும். முதல் நாளே முழுசாகக் கொடுக்கக் கூடாது. முதல் நாள் கால் பங்கு, அடுத்த நாள் பாதி, நாலாவது நாள்தான் முழு அளவு. பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று சாப்பாடு இறங்கினால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சட்டென்று விழுந்து, சிவப்பணுக்கள் உடைந்து, பிழைத்துக்கொண்டிருந்த பூனை செத்துப்போகலாம். முதல் நாள் ஒரு வேளைக்கு 8 மில்லி, ஆறு வேளை. முழு அளவு வந்தபோது 40 மில்லி, ஐந்து வேளை. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 11. மெஷினுக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன்.

டாக்டரம்மா எழுதிக்கொடுத்த டின் உணவை வெந்நீர் கலந்து மிக்ஸியில் அடிப்பேன். டீ வடிகட்டியில் ஒரு தடவை, அதற்குப் பிறகு லைனிங் துணியில் ஒரு தடவை. வடிகட்டியில் தப்பிய திப்பி துணியில் நிற்கும். டம்ளரை வெந்நீர்க் கிண்ணத்தில் நிற்கவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன், குழந்தைக்குப் பால் பார்க்கிற மாதிரி. முதலில் 5 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், டியூப்பில் அடைப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அப்புறம் சாப்பாடு, அவசரமே கூடாது, 40 மில்லிக்குப் பதினைந்து நிமிஷம். அவள் உதட்டை நக்கினாலோ விழுங்க ஆரம்பித்தாலோ குமட்டுகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். கடைசியில் மறுபடி தண்ணீர், மூடி. கடைசித் தண்ணீரை மறந்தால் உள்ளே மிச்சமிருப்பது காய்ந்து அடுத்த வேளைக்குள் சிமென்ட் ஆகிவிடும்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால் அவளுக்கு இதில் துன்பமே இல்லை. வாயைப் பிளந்து ஊற்றியபோது கீறியவள், இப்போது மடியில் படுத்துத் தூங்கிக்கொண்டே சாப்பிட்டாள். பார்க்கிறவர்களுக்குத்தான் கொடூரமாக இருந்தது.

ஓட்டையைத் தினமும் உப்பு நீர்ப் பஞ்சால் துடைத்து, சீழ் இருக்கிறதா, நாற்றம் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றிக் கட்ட மதுரையில் கொடுத்த பேண்டேஜ் இங்கத்திய புழுக்கத்தில் ஒரே நாளில் நனைந்து நாறியது. நான் பருத்தி லைனிங்கில் இரண்டு மடிப்பாக ஒரு காலர் தைத்தேன், டியூப் வெளியே வர ஜாக்கெட் காஜா மாதிரி ஓட்டை, பின்னால் பிரஸ் பட்டன், ஒரு விரல் நுழைகிற தளர்ச்சி. ஏழு காலர் தைத்து, தினம் ஒன்று துவைத்துக் காயப்போட்டேன். எடை பார்க்க வீட்டுக்காரரின் மீன் தராசு, கொக்கியில் துணிப் பையைத் தொங்கவிட்டு அதற்குள் சூடை. அந்தத் தராசில் உயிரோடு ஏறிய முதல் சரக்கு அவள்தான் என்பார் அவர்.

தப்பும் நடந்தது. ஒரு நாள் மாத்திரையைச் சரியாகப் பொடிக்காமல் விட்டு டியூப் அடைத்துக்கொண்டது. வெந்நீரைச் சிரிஞ்சில் வைத்து உள்ளே தள்ளி, வெளியே இழுத்து, தள்ளி, இழுத்து, இருபது நிமிஷம், கை நடுங்கிவிட்டது. இன்னொரு நாள் வாந்தி எடுத்தாள், டியூப்பின் நுனி வாய் வழியாக வந்துவிட்டதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன், நல்லவேளை வரவில்லை. வந்திருந்தால் அதில் ஒரு சொட்டுகூட விடக் கூடாது, ஓட வேண்டியது ஆஸ்பத்திரிக்குத்தான்.

காய்ச்சல் மாதிரி இருக்கிறது, பாரசிட்டமால் அரை மாத்திரை கொடு என்றார் ஒரு அக்கா. இதை மட்டும் குரலை உயர்த்திச் சொல்கிறேன்: பூனைக்குப் பாரசிட்டமால் விஷம், அரையும் வேண்டாம், காலும் வேண்டாம். பூனைக்கா இவ்வளவு செலவு என்று கேட்டவர்களும் உண்டு. நான் பதில் சொல்லவில்லை. ஒரு புது பவர் மெஷின் வாங்கச் சேர்த்த பணம் அது, பழைய மெஷின் இன்னும் ஓடுகிறது.

மூன்றாம் வாரம் காது வெளுக்கத் தொடங்கியது. கிண்ணத்தை மட்டும் தொடவே இல்லை. மூக்குக்கு முன்னால் நீட்டாதீர்கள், தூரத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள் என்றார் டாக்டரம்மா போனில்.

ஜூனில் தடை முடிந்து படகு போய் வந்தது. கறிக்குக் கொண்டுவந்த மீனை என் மாமியார் பின்வாசலில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தார். நான் காஜா போட்டுக்கொண்டிருக்கிறேன், "ஏய், இங்க வாடி, இங்க வா" என்று கத்துகிறார். அரிவாள்மனையிலிருந்து விழுந்த ஒரு சூடைத் தலையைக் கழுத்துக் குழாயோடு இவள் இழுத்துப்போய்ப் படிக்கட்டில் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறாள். பத்தியம் வைத்த அதே அத்தை, அடுத்த தலையையும் அவள் பக்கமாகத் தள்ளிவிட்டு, எனக்குத் தெரியாது என்கிற மாதிரி மீனைத் தொடர்ந்து ஆய்கிறார்.

அன்றைக்கே டியூப்பை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கூடாதாம். தானாகச் சாப்பிட்டு, எடை இறங்காமல் ஒரு வாரம் பத்து நாள் நிற்க வேண்டும். ஜூலையில் மறுபடி மதுரை. நூலை வெட்டி டியூப்பை உருவ ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஓட்டை அப்படியே திறந்திருந்தது. தையல் போடவில்லையா என்று கேட்டேன், வேண்டாம், தானாக மூடிக்கொள்ளும் என்றார். துணியில் ஓட்டை விழுந்தால் நான் தைக்காமல் அது மூடியதே இல்லை, அதனால் நம்பாமல் தினமும் காலையில் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் சுற்றிலும் சுருங்கியிருந்தது. ஒன்பதாம் நாள் ஒரு பொருக்கு. இரண்டு வாரம் கழித்து விரலால் தடவினால்தான் தெரிந்தது, ரோமம் இல்லாத ஒரு சின்ன வட்டம், பிரஸ் பட்டன் அளவு.