இன்னாது அம்ம இவ்வுலகம்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு ஞாயிறு மாலை, கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், அக்கா அண்ணன்மார்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

மகிழ்ச்சியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் துன்பத்திலிருந்து தொடங்கப்போகிறேன். வாழ்க்கை என்பதே அடிப்படையில் துன்பம், மகிழ்ச்சி தங்கும்படியாக மனித மனம் அமையவில்லை என்று சொல்லும் தத்துவம் ஒன்று இருக்கிறது. துன்பவாதம் என்று சொல்லலாம். நல்ல நாளும் அதுவுமாக இதைப் பேசலாமா என்று நண்பர் ஒருவர் தயங்கினார். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். உங்களிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது?

எங்கள் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பால்வெட்டுக்காரர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போய்விடுவார். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். பட்டையில் மெல்லிசாக ஒரு சீவல். பால் கோட்டு வழியே இறங்கி, மரத்தில் கட்டிய மங்கு என்கிற கிண்ணத்தில் சொட்டும். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். அடுத்த முறை அந்த ஒட்டுப்பாலை உரித்தெடுத்துவிட்டு, அதற்குக் கீழே இன்னொரு சீவல். நம் ஆசையும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றும். ஒன்று நிறைவேறினால் ஓட்டம் நிற்கும். மனம் அதை உரித்துப் போட்டுவிட்டு மறுபடி கத்தியை வைக்கும்.

இதை ஒரு பெரிய தத்துவமாக எழுதியவர் ஆர்தர் ஷோப்பன்ஹவர். 1788-இல் டான்சிக் நகரில் பிறந்த ஜெர்மானியர். ஆசை நிறைவேறாதவரை வலி, நிறைவேறிவிட்டால் சலிப்பு, இந்த இரண்டுக்கும் நடுவே கடிகாரத்தின் ஊசல் மாதிரி வாழ்க்கை ஆடிக்கொண்டிருக்கிறது என்றார். வலி நமக்குத் தெரியும். சலிப்பையும் ஏன் துன்பத்தில் சேர்த்தார் என்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் புரிந்தது.

சொந்த வீடு, சொந்த வீடு என்று நாற்பது வருடம் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், கிடந்து ஏங்கியவர் அவர். தோட்டத்தில் கித்தாவை, அதாவது ரப்பர் மரங்களை, அழித்துவிட்டுச் செம்பனை போட்டார்கள். அப்புறம் அந்த லயத்தையும் இடித்தார்கள். எப்படியோ பணம் புரட்டி டவுனில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கினோம், மூன்றாவது மாடி. சாவியை வாங்கியபோது அவர் கை நடுங்கியது. மூன்று நான்கு மாதம் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு ஒருநாள் விடியற்காலை கீழே போய்ப் பார்த்தால், மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவதற்கு நிற்பார்களே, அதே நிற்பு. கையில் ஒன்றும் இல்லை. "சும்மா நிக்கிறேம்பா" என்றார். அந்த வீடு கிடைத்ததில் அவருக்கு நன்றி இல்லாமல் இல்லை. மனம் அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது.

நம்பர் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம் இல்லையா? 1978-இல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் பெரிய லாட்டரிப் பரிசு பெற்ற 22 பேரையும், பரிசு விழாத 22 பேரையும் விசாரித்து ஒப்பிட்டார்கள். பரிசு பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி மகிழ்ச்சியாக இல்லை. நண்பரிடம் பேசுவது, காலைப் பசியாறுவது போன்ற அன்றாடச் சின்னச் சுகங்கள் அவர்களுக்குக் குறைந்திருந்தன. சின்ன ஆய்வுதான், அதை வைத்து எல்லாவற்றையும் முடிவு கட்ட முடியாது. ஆனாலும் ஷோப்பன்ஹவர் பார்த்த திசையைத்தான் அதுவும் காட்டுகிறது.

இதில் என்ன ஆறுதல் என்று கேட்பீர்கள். எனக்குப் பெரிய ஆறுதல் இருக்கிறது. இப்போது எங்கே பார்த்தாலும் தன்னம்பிக்கைப் பேச்சு. மகிழ்ச்சி உன் கையில், நேர்மறையாக நினை, எல்லாம் மாறும். வாரம் மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போகிறவரிடம் போய் இதைச் சொன்னால் என்ன பொருள்? உன் துன்பத்துக்கு நீயே காரணம் என்று பொருள். நோவும் அவருக்கு, பழியும் அவருக்கு. துன்பவாதம் அந்தப் பழியை இறக்கி வைக்கிறது. நீ தோற்றுப்போனதால் அழவில்லை, மனிதனாகப் பிறந்ததால் அழுகிறாய் என்கிறது.

எங்கள் பாட்டி இந்தியாவிலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் தாத்தாவைச் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் போட்டு முடித்தார்கள். தாத்தா திரும்பவில்லை. எந்த இடத்தில் விழுந்தார், யார் மண் தள்ளினார்கள், ஒன்றும் தெரியாது. பாட்டி சாகும்வரை நெற்றியில் பொட்டு வைத்திருந்தார். நான் சின்னப் பையனாக இருந்தபோது, யாரோ பெரியவர் "எல்லாம் நன்மைக்கே" என்றார். பாட்டி பதில் பேசவில்லை, எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பல வருடம் கழித்து, நன்மைவாதம் என்பது மனிதகுலத்தின் சொல்ல முடியாத துன்பங்களைக் கேலி செய்கிற கொடிய சிந்தனை என்று ஷோப்பன்ஹவர் எழுதியதைப் படித்தபோது, அந்த அடுப்படிதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அவர் சும்மா அறையில் உட்கார்ந்து எழுதியவர் அல்ல. பதினாறு வயதில், 1804-இல், பெற்றோருடன் ஊர் சுற்றும்போது பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் சங்கிலியில் கட்டப்பட்ட கைதிகளைப் பார்த்தார். அது அவர் மனத்தை விட்டுப் போகவே இல்லை. புத்தர் இளமையில் நோயையும் மூப்பையும் சாவையும் கண்டதுபோல் நானும் அந்த வயதில் கண்டேன் என்று பின்னாளில் குறித்துவைத்தார். துன்பம் எல்லாருக்கும் பொது என்றால் அறத்தின் வேர் என்ன? இரக்கம் ஒன்றுதான் என்றார். மனிதர்கள் ஒருவரையொருவர் ஐயா என்றோ துரை என்றோ கூப்பிடுவதைவிட, "என் துன்பத் தோழரே" என்று கூப்பிடுவதுதான் பொருத்தம் என்று எழுதினார். நான் மிக நேசிக்கும் வரி அது. அவர் சொந்த வாழ்க்கையில் அந்த வரியின் உயரத்துக்கு வாழவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெண்களைப் பற்றி அவர் எழுதியதை என்னால் ஏற்கவே முடியாது.

இன்னொரு கேள்வி இருக்கிறது, இது நமக்கு ரொம்ப முக்கியம். எல்லாம் துன்பம்தான் என்றால் போராடுவது எதற்கு? தலையெழுத்து என்று சொல்லிச் சொல்லியே நம் ஆட்களைக் குறைந்த சம்பளத்தில் உட்கார வைத்தார்களே? உண்மை. ஆனால் தலையெழுத்து என்பது வேறு, துன்பவாதம் வேறு. சாவும் மூப்பும் சலிப்பும் மனித இயல்பில் இருப்பவை. ஒழுகும் கூரை இயல்பில் இல்லை, யாரோ ஒருவர் சரிசெய்யாமல் விட்டது. 1844-இல் வெளிவந்த தன் நூலில், ஐந்து வயதில் நூற்பாலைக்குள் நுழைந்து முதலில் 10, பிறகு 12, கடைசியில் 14 மணி நேரம் ஒரே வேலையைச் செய்யும் பிள்ளைகளைப் பற்றி ஷோப்பன்ஹவர் எழுதுகிறார். மூச்சு விடுகிற சுகத்துக்கு அவர்கள் கொடுக்கிற விலை மிக அதிகம் என்கிறார். பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவோடு ஒட்டுப்பால் பொறுக்கப் போனவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அதை விதி என்று அவர் எழுதவில்லை. மனிதன் மனிதனுக்குச் செய்கிற கொடுமைக்கு உதாரணமாக, அடிமை வியாபாரத்துக்குப் பக்கத்தில் வைத்து எழுதினார்.

ஷோப்பன்ஹவருக்குப் பல நூற்றாண்டு முன்பே நம்மிடம் ஒருவர் இதைச் சொல்லிவிட்டார். புறநானூற்றின் 194-ஆம் பாட்டு, பாடியவர் பக்குடுக்கை நன்கணியார். ஒரு வீட்டில் சாப்பறை, ஒரு வீட்டில் மணமுழவு. கூடியவள் பூச்சூடுகிறாள், பிரிந்தவள் கண்ணீர் வடிக்கிறாள். இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று கோபத்தோடு சொல்லிவிட்டு, "இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்புணர்ந் தோரே" என்று முடிக்கிறார். உலகம் இனிது என்று அவர் சொல்லவில்லை. இன்னாதது என்று தெரிந்தவர்களிடம்தான் இனியதைக் காணச் சொல்கிறார். ஷோப்பன்ஹவர் ஆசையைத் துறக்கச் சொல்லும் இடத்தில் நன்கணியார் வேறு வழி போகிறார். என் மனம் இவர் பின்னால்தான் போகிறது.

இந்தப் பாட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர்தானே. எங்கள் லயத்தில் ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு, பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்துவிட்டார். கல்யாண வீட்டில் ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். பந்தலில் கட்டியிருந்த விளக்குகளில் பாதியைக் கழற்றிச் சாவு வீட்டு வாசலில் கட்டினார்கள். கல்யாணத்துக்கு நறுக்கி வைத்த காய்கறியில் சாவு வீட்டுக்கும் சேர்த்துச் சமையல் ஆனது. காலையில் முகூர்த்த நேரம் நெருங்கியது. மேளக்காரர்கள் வாசிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாவு வீட்டிலிருந்து செத்தவரின் மனைவி வெளியே வந்தார், முடி அவிழ்ந்து கிடந்தது. பந்தல் பக்கம் வராமல் தன் வாசற்படியிலேயே நின்றுகொண்டு சொன்னார்:

"தாலி கட்டுற நேரம் தம்பி. மேளத்த அடிங்க."