சந்தேகங்களுக்கு விளக்கம்: சந்தனம் என்று பெயர் வைத்துக்கொண்ட ஓவியர்

சரி, சிங்கப்பூரின் தெம்பனிஸிலிருந்து வந்த கேள்வி. "போன காணொளியில் ஓவியர் ஜார்ஜெட் சென் அவர்களைப் புகழ்ந்தீர்களே, கணவர் பெரிய அமைச்சர் என்பதால்தானே அவருக்கு அந்தப் பெயர்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கணவர் யூஜின் சென் சீனாவின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர், உண்மைதான். ஆனால் ஜார்ஜெட் பாரிசிலும் நியூயார்க்கிலும் வளர்ந்து, அங்கேயே ஓவியமும் படித்தவர். திருமணமான அதே 1930இல் பாரிசின் 'சலோன் தோத்தோன்' கண்காட்சிக்கு அவருடைய ஓவியங்கள் தேர்வாயின. அமைச்சரின் மனைவி என்று பாரிஸ்காரர்கள் இடம் கொடுப்பார்களா என்ன? போரின்போது ஜப்பானியர் இருவரையும் காவலில் வைத்தார்கள். 1944இல் யூஜின் இறந்துவிட்டார். பிறகு ஒரு மறுமணம், பினாங்கு, மணமுறிவு. சிங்கப்பூருக்கு வரும்போது நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய தனிப் பெண்மணி. இங்கே யாருக்கும் யூஜினைத் தெரியாது தம்பி!

நன்யாங் நுண்கலைக் கழகத்தில் 1954இலிருந்து 1980 வரை சொல்லிக்கொடுத்தார். 1982இல் சிங்கப்பூர்க் கலைஞர்களுக்கான உயரிய விருதான கலாசாரப் பதக்கம் கிடைத்தது.

அப்புறம், நீங்கள் கேட்காததை நானே சொல்கிறேன். மலாய் கற்றுக்கொண்டு, 'செண்டானா' என்று ஒரு மலாய்ப் பெயரும் வைத்துக்கொண்டார். செண்டானா என்றால் சந்தனம். நம்முடைய அதே சந்தனம்தான், வடமொழி வழியாக மலாய்க்குப் போனது. அதற்குள்ளேயே 'சென்'னும் ஒளிந்திருக்கிறது பாருங்கள்! இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. வழக்கமாகப் பார்ப்பவர்கள் மன்னிக்கணும்.

பாரிசில் பழகிய கை, இங்கே வந்து எதை வரைந்தது? மயிர் மயிராய்த் தோல் உள்ள ரம்புத்தான் பழம், சாத்தே என்ற குச்சியில் சுட்ட இறைச்சி விற்கும் பையன், ஈஸ்ட் கோஸ்ட்டில் கடை போட்டிருப்பவர். ஆப்பிளையும் திராட்சையையும் வைத்தே பழகிய ஓவியத்தில் நம் சந்தைப் பழத்துக்கு மேசை போட்டவர் அவர். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

என் சித்தியைத் தேசியக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். 1946 வாக்கில் ஜார்ஜெட் தன்னையே வரைந்த ஓவியத்தின் முன்னால் நிறுத்தி, பாரிஸ், பயிற்சி, வண்ணப்பூச்சு என்று பத்து நிமிடம் விளக்கினேன். சித்தி 'ம்' கொட்டினார், அவ்வளவுதான். வெளியே வந்ததும் 1965இல் வரைந்த ரம்புத்தான் ஓவியத்தைக் கைப்பேசியில் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதையெல்லாம் வாசலிலேயே உதறிட்டுத்தான் உள்ள கொண்டுவரணும்டா, எறும்பு இருக்கும்" என்றார்.

தேக்கா சந்தையில் அறுபது வருடம் பழம் வாங்கியவர் அவர். என் பத்து நிமிட விளக்கம் எங்கே, இது எங்கே.

அடுத்த கேள்வி புக்கிட் பாத்தோக்கிலிருந்து.