'கிருமி இல்லை' என்று எழுதிய பிறகு

(உலகக் காசநோய் நாளையொட்டித் தருமபுரியில் களப்பணியாளர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, களப்பணியாளர்களே, மாணவச் செல்வங்களே,

காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்துவிட்டதாக ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்த நாள் 1882 மார்ச் 24. அந்த நாளை முன்னிட்டுத்தான் நாம் இங்கே கூடியிருக்கிறோம். அன்றிலிருந்து இந்த நோயைப் பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் கிருமியைச் சுற்றியே நடந்து வந்திருக்கிறது. சளியில் கிருமி இருக்கிறதா, மருந்துக்குக் கட்டுப்படுகிறதா, ஆறாம் மாத முடிவில் மறைந்துவிட்டதா என்று கேட்டுக் கேட்டே என் பணிக்காலமும் கழிந்தது. தேவையான கேள்விகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கிருமியைச் சுமந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்பதை எங்கள் சிகிச்சை அட்டையில் நாங்கள் எழுதியதில்லை. எழுத அதில் கட்டமும் இருந்ததில்லை. இன்று அந்த இல்லாத கட்டத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் குவாரியொன்றில் பாறையில் துளை போடும் வேலை பார்த்த ஒருவர், ஒரு வேளை மாத்திரைகூடத் தவறாமல் ஆறு மாதமும் சிகிச்சை எடுத்து முடித்தார். கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. 'குணமடைந்தார்' என்று நானே எழுதிக் கையெழுத்திட்டேன். அடுத்த மாதமே திரும்பி வந்து, "சார், நோய் போயிடுச்சுன்னு சொன்னீங்க, ஆனா படி ஏறினா மூச்சு வாங்குது. மேஸ்திரி வேலைக்கு வேணாங்கறாரு. இனிமே நான் என்ன பண்றது?" என்று கேட்டார். கல்தூசு படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் வேர்விடும். கிருமி அழிந்தாலும் அது போட்ட வடுக்கள் போகா. இது எனக்குத் தெரியும். ஆயினும் அவர் கேட்டது நுரையீரலைப் பற்றிய கேள்வி அன்று. என்னிடம் அன்று பதில் இல்லை.

'வாழ்க்கைத் தரம்' என்ற சொல்லை இங்கே சற்று விளக்க வேண்டும். நம் பேச்சுவழக்கில் அச்சொல் மாடி வீட்டையும் மாத வருமானத்தையும் குறிக்கும். மருத்துவத்தில் அதற்கு வேறு பொருள்: தான் வாழும் சூழலில், தன் எதிர்பார்ப்புகளையும் கவலைகளையும் வைத்துப் பார்க்கையில், தன் வாழ்க்கை எந்த நிலையில் இருக்கிறது என்று அந்த மனிதரே கருதுவது. மருத்துவர் கருதுவது அன்று. இதை அளப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 1990-களில் ஒரு வினாத்தாளை உருவாக்கியபோது, உலகெங்கும் அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மையங்களுள் சென்னையும் ஒன்றாக இருந்தது. அதன் சுருங்கிய வடிவில் 26 கேள்விகள் உள்ளன. உடல், மனம், உறவுகள், சுற்றுச்சூழல் என்று நான்கு பகுதிகளாக அவை விரிகின்றன. தூக்கம் நிறைவாக இருக்கிறதா, அன்றாட வேலைக்குத் தெம்பு இருக்கிறதா, நண்பர்கள் துணை நிற்கிறார்களா, தேவைக்குப் பணம் போதுகிறதா என்பன போன்ற எளிய கேள்விகள்தான். நம் பாட்டிமார் வாசலில் நின்றபடி விசாரித்த கேள்விகளுக்கும் இவற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இத்தகைய கேள்விகளைக் காசநோயாளிகளிடம் கேட்ட ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அவற்றுள் திரும்பத் திரும்பத் தென்படுவது ஒன்று: மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் உடல் வேகமாகத் தேறுகிறது; மனமும் உறவுகளும் அந்த வேகத்தில் தேறுவதில்லை; சிகிச்சை முடிந்த பின்னும் பலர் பிறர் அளவுக்கு மீள்வதில்லை.

முதலில் சோற்றைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் நம் மாவட்டங்களில் அங்கேதான் எல்லாமே தொடங்குகிறது. காசநோய் முதலில் பசியைக் கொல்லும். மருந்து வேலை செய்யத் தொடங்கிச் சில வாரங்களில் அந்தப் பசி இரண்டு மடங்காகத் திரும்பி வரும். மருத்துவருக்கு அது நல்ல செய்தி. காலையில் களி, இரவில் மிஞ்சிய களி என்று நாளை ஓட்டும் வீட்டில், சம்பாதிப்பவரே படுத்துக் கிடக்கும்போது, அந்தப் பசிக்கு யார் பதில் சொல்வது? "மாத்திரை போட்டா பசி தாங்கலை, அதான் ரெண்டு நாள் விட்டுட்டேன்" என்று அரூர்ப் பக்கத்து மூதாட்டி ஒருவர் என்னிடம் சொன்னபோது, மருந்தைத் தவறவிட்டதற்காக அவரைக் கண்டித்தேன். இன்று நினைத்தால் கூசுகிறது.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் காசநோய் என்றாலே பெருந்துறைக்கோ தாம்பரத்துக்கோ போய்ச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். சென்னையில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் ஒரே மருந்துகளைக் கொடுத்து ஓராண்டு பார்த்தது. சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் இருந்தன; வீடுகளில் நெரிசலும் வறுமையும் இருந்தன. ஆயினும் வீட்டிலிருந்தவர்கள் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள், வீட்டாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. உலகமே சானடோரியங்களை மூடத் தொடங்கியதற்குச் சென்னையின் அந்த முடிவு ஒரு முக்கியக் காரணம். எத்தனையோ பேரைக் குடும்பத்தோடு சேர்த்து வைத்த ஆய்வு அது. அதே வேளையில், உணவு எப்படி இருந்தாலும் மாத்திரை போதும் என்ற ஒரு மெத்தனத்தையும் எங்கள் தலைமுறை மருத்துவர்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டோம் என்பது என் கணிப்பு. அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. கிருமி சாவதற்கு விருந்து தேவையில்லை என்றுதான் அது சொன்னது. மனிதர் எழுந்து வேலைக்குப் போவதற்கு என்ன தேவை என்பது அதன் கேள்வியே அன்று.

அந்த மறதியைத் திருத்தியது ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு. அதில் 2,800 நோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ உணவுப்பொருள்கள் வழங்கப்பட்டன. தொடக்கத்திலேயே எடை கூடியவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. வீட்டாருக்கும் உணவு கொடுத்த குடும்பங்களில், புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. அரசும் சும்மா இருக்கவில்லை: 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. நாளொன்றுக்கு 33 ரூபாய். இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், கொஞ்சம் கடலை வாங்கலாம், குறை சொல்லவில்லை. ஆனால் வங்கிக் கணக்கு இல்லாததாலோ பெயர் எழுத்து ஒத்துப்போகாததாலோ அந்தப் பணம் நான்காம் மாதம் வந்து சேர்ந்தால், முதல் இரண்டு மாதத்துப் பசிக்கு அது உதவாது.

வலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் பைராசினமைடு மாத்திரை யூரிக் அமிலத்தைக் கூட்டி மூட்டுவலியை உண்டாக்கக்கூடியது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வருவதற்கு முன் ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வளர்ந்த நம் மக்களுக்கு எலும்பிலும் மூட்டிலும் ஏற்கெனவே வலி உண்டு. இரண்டும் சேரும்போது மாத்திரைதான் தன்னை முடமாக்குகிறது என்று நோயாளி நம்புகிறார். "எல்லாருக்கும் வலிக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பினால் அவர் மீண்டும் வரமாட்டார். வலி எங்கே, எப்போதிலிருந்து என்று இரண்டு நிமிடம் உட்கார்ந்து கேட்டால் வருவார்.

இனி ஊர்ப்பேச்சுக்கு வருகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவரும் பணியாளரை மக்கள் திண்ணையில் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் வந்து தன் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்கிறார். அதே தெருவில் காசநோய் மேற்பார்வையாளரின் வண்டி நுழைந்தால் கதவு சாத்தப்படுகிறது. "சார், வண்டிய புளியமரத்தாண்டையே நிறுத்திடுங்க, நானே வந்து வாங்கிக்கறேன்" என்று ஒரு இளைஞர் எங்கள் ஊழியரிடம் கெஞ்சியதை நான் அறிவேன். அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெண்களின் நிலை இதைவிடக் கடினம். பென்னாகரம் பக்கத்தில் ஒரு மருமகளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், பிள்ளையைத் தூக்கத் தடை. தட்டாலும் டம்ளராலும் இந்நோய் பரவுவதில்லை, காற்றினால்தான் பரவுகிறது. சரியான மருந்தை ஒழுங்காக எடுக்கத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பெரும்பாலோரிடம் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். இதை அந்த மாமியாருக்கு விளக்கினேன், அவரும் தலையாட்டினார். சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்துப் போனபோதும் அந்தத் தட்டு தனியாகத்தான் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. என்னைவிட அந்தத் தட்டுக்கு அவ்வீட்டில் செல்வாக்கு அதிகம்.

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயில் நிலைமை தேறியிருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முன்பு ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு சிகிச்சை. அதில் மாதக்கணக்கில் போட்ட ஊசியால் காது கேளாமற் போனவர்கள் உண்டு. கிருமியைக் கொன்று செவியை எடுத்துக்கொண்ட அந்த வெற்றியை எந்தக் கணக்கில் வைப்பது? பெடாகுவிலின் என்ற மருந்து சேர்ந்த, ஊசியே இல்லாத ஆறு மாதச் சிகிச்சைக்கு இந்திய அரசு 2024-இல் ஒப்புதல் அளித்தது.

நம் மாநிலத்தின் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். 2022-இல் தொடங்கிய அத்திட்டத்தில், நோய் கண்டறியப்பட்ட உடனேயே எடையும் உயரமும் ஆக்சிஜன் அளவும் பார்த்து, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்றும் கவனித்து, மோசமான நிலையில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். எழுந்து நிற்க முடிகிறதா என்பது கிருமியைப் பற்றிய கேள்வி அன்று, ஆளைப் பற்றிய கேள்வி. அதைக் கேட்டதால் உயிர்கள் பிழைக்கின்றன. முதல் நாளில் கேட்கும் அந்தக் கேள்வியை ஆறாம் மாதக் கடைசி நாளிலும் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள். சிகிச்சை முடிந்தபின் இரண்டு ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று தேசியத் திட்டமே சொல்கிறது; நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்த ஏற்பாடு அது. போகத்தான் போகிறோம். போகும்போது மூச்சு வாங்குகிறதா, வேலைக்குப் போகிறாரா, தூங்குகிறாரா, எந்தத் தட்டில் சாப்பிடுகிறார் என்று இன்னும் நான்கு கேள்வி கேட்பதற்குக் கூடுதல் பெட்ரோல் செலவாகாது.

உரை முடிந்ததும் ஒரு செவிலியர் எழுந்து, "கேட்டுவிட்டு, தூக்கமே வரவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் நாங்கள் என்ன செய்வது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநல மருத்துவர் இல்லையே?" என்று வினவினார். நியாயமான கேள்வி. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அனுப்புங்கள், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை உங்கள் கைப்பேசியிலிருந்தே அழைத்து அவரிடம் கொடுங்கள், வாழப் பிடிக்கவில்லை என்றவரை அன்று தனியே விட்டுவிட்டு வராதீர்கள் என்றேன். பின்வரிசையிலிருந்து இன்னொருவர், குவாரித் தொழிலாளி பிறகு என்ன ஆனார் என்று கேட்டார். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தோம், ஓரளவு தேறினார். மாந்தோப்பு ஒன்றில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். கூலி பாதிதான்.