ஸோம்பி எறும்பின்ர மூளைக்குள்ள என்ன இருக்கு? பங்கசு படிக்க இதைவிட நல்ல கதை இல்லை!

வணக்கம் மக்களே! ஒரு எறும்பு கூட்டை விட்டுத் தனியா வெளியில வருது. செடியில ஏறி, நிலத்திலயிருந்து ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் உயரத்தில, இலை நரம்பைக் கவ்விப் பிடிக்குது. பிடி பிறகு விடாது. எறும்பு செத்துப்போகும். கொஞ்ச நாளில அதின்ர பிடரியைப் பிளந்துகொண்டு ஒரு காம்பு முளைக்கும்!

செய்யுறது ஒபியோகோர்டிசெப்ஸ் எண்ட பங்கசு, அதாவது ஒரு பூஞ்சை. 2013 இல வந்த 'த லாஸ்ட் ஒஃப் அஸ்' கேம், 2023 இல வந்த அதின்ர சீரிஸ், ரெண்டுக்கும் விதை இதுதான்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் ஏ.எல். பயோ ரியூஷன் போற தம்பி தங்கச்சிமாரே, உங்கட நோட்டில பங்கசு எப்பிடி இருக்கு? வித்தி, நொதியம், பிறபோசணை. பாடமாக்கி, சோதினையோட மறந்திடுவீங்கள். இப்ப எறும்பைப் பாருங்கோ. வித்தி, அதாவது பங்கசைப் பரப்புற விதை மாதிரியான நுண்ணிய கலம், உடம்பில ஒட்டுது. நொதியத்தின்ர உதவியோட தோலைத் துளைக்குது. உள்ள இருக்கிறதை உறிஞ்சி வளருது, அதுதான் பிறபோசணை. பிறகு உயரத்திலயிருந்து, கீழ போற எறும்புகளுக்கு மேல வித்தியைத் தூவுது. அதுக்குத்தான் அந்த 25 சென்ரிமீற்றர்!

இனித்தான் எனக்கு உயிரான இடம். கேமில பங்கசு மனிசரின்ர மூளையைப் பிடிக்குது, இல்லையா? 2017 இல ஒரு அமெரிக்க ஆய்வுக்குழு இந்த எறும்புகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியில பாத்தாங்க. தலை, நெஞ்சு, கால், எல்லா இடமும் பங்கசுக் கலம். தசைநாரைச் சுத்தி ஒண்டோட ஒண்டு கோத்து வலையே பின்னியிருக்கு. மூளைக்குள்ள? ஒண்டுமே இல்லை!

காலி வீதியில ஒரு ஓட்டோவை நினைச்சுப் பாருங்கோ. டிரைவர் தன்ர சீட்டிலதான் இருக்கிறார். ஆனா ஹேண்டிலும் பிரேக்கும் பின்சீட்டுக்காரரின்ர கையில. பம்பலப்பிட்டியில நிக்கவேண்டிய ஓட்டோ தெஹிவளைக்கு ஓடுது. பின்சீட்டுக்காரர் டிரைவரின்ர காதுக்குள்ளயும் ஏதோ ஓதுறார்: பங்கசு வெளியிலயிருந்தே மூளைக்கு இரசாயனம் அனுப்புது எண்டும் ஆராய்ச்சியாளர் கருதுறாங்க. எவ்வளவு பழைய வித்தை தெரியுமா? ஜேர்மனியில மெசல் எண்ட இடத்தில கிடைச்ச, 4 கோடி 80 இலட்சம் வருசப் பழைய இலைப் புதைபடிவத்திலயும் இப்பிடிக் கடிச்ச தடம் இருக்கு!

மனிசருக்கு வருமா? பயப்படாதீங்கோ. பெரும்பாலான பங்கசுகளுக்கு எங்கட 37 பாகை உடம்புச்சூடு ஒத்துவராது.

ரீச்சர்மாரே, கதை உண்மையிலயிருந்து விலகிற இடத்தை மறைக்காதீங்கோ. அதையே கேள்வியாக் கேளுங்கோ: மூளைக்குள்ள பங்கசு இல்லையெண்டா தாடை எப்பிடி இறுகினது? பின்வாங்கில இருக்கிற பிள்ளையும் புத்தகத்தைத் திறக்கும்.

எங்கட ஊரிலயே இன்னொரு கதை இருக்கு. வொல்பாக்கியா பற்றீரியா, நுளம்புக்குள்ள டெங்கு வைரசைப் பெருக விடாமத் தடுக்குது. அந்த நுளம்புகளை 2020 இல நுகேகொடையில பறக்க விட்டாங்க. இதில ஹீரோ ஆர், வில்லன் ஆர்? ஒரு பந்தியில கதையா எழுதி கொமன்ற்ஸில போடுங்கோ. நல்லதை அடுத்த வீடியோவில வாசிக்கிறன். சப்ஸ்கிரைப் பண்ணிவையுங்கோ!